மைக் செட் வாங்கப் போறீங்களா? ஒரு பொருளாளரின் புலம்பல்

மார்ச் முடிஞ்சு, அதுக்கப்புறம் ஆடிட் முடிஞ்சு, இப்பத்தான் ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நொய்டாவில் இருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். அவங்க குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பிச்சிருக்காங்களாம். பொங்கல், சித்திரைத் திருநாள், யார் வீட்டிலாவது அறுபதாம் கல்யாணம்னா அங்கேயும் போய் வாசிக்கிறதா உத்தேசம். வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு ரெண்டு லட்சம் சேர்ந்திருக்கு. "சார், எத்தனை வாட் ஸ்பீக்கர் வாங்கலாம்? நீங்கதான் இதுல ஏற்கனவே அடிபட்டவராச்சே!"

அடிபட்டவன்தான். நாற்பது நிமிஷம் பேசினேன். தங்கமணி அடுப்படியில் இருந்தே, "இதையெல்லாம் எழுதிப் போட்டுட்டா அடுத்த ஆளுக்கு லிங்க்கை அனுப்பிடலாமே, எனக்கும் காது மிச்சம்"னாங்க. நியாயம்தானே. அதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. பி.காம். படிச்சுட்டு வங்கியில் கையெழுத்துப் போடுற ஆள். மாற்றலாகி தில்லிக்கு வந்து, கிழக்கு தில்லியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒட்டிக்கிட்டேன். பாட வராது, வாசிக்க வராது. வங்கிக்காரன்னதும் "அப்ப நீங்கதான் சார் பொருளாளர்"னு சொல்லிட்டாங்க. கூடவே கேபிள் சுருட்டுற வேலையும், மிக்சர் முன்னாடி உட்காருற வேலையும் தானா வந்து சேர்ந்தது.

இனி கொசுவத்தி.

2019 ஆரம்பத்தில் எங்க கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுக்கிறதுக்குப் பதிலா சொந்தமா வாங்கிடுவோம்னு முடிவு. நாலு பேர் கடைக்குப் போனோம். நாலு பேருமே ஆம்பளைங்க. நாலு பேரில் ஒருத்தர்கூட பாடுறவர் இல்லை. இப்ப நினைச்சா அங்கேயே தப்பு ஆரம்பிச்சாச்சு.

கடைக்காரர் ஒரு பஞ்சாபிப் பாட்டைப் போட்டார் பாருங்க, ஷட்டர் அதிர்ந்தது. நெஞ்சுக்குள்ளே டம் டம்னு இடிச்சது. நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். முடிஞ்சது கதை. பதினைஞ்சு இஞ்ச் கூம்பு ரெண்டு ரெண்டா வச்ச பெரிய பெட்டி ரெண்டு, அதுக்குத் தனி ஆம்ப், எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். தொண்ணூத்தொம்பது எஃபெக்ட் இருக்குன்னு பத்தொம்பதாயிரத்துக்கு ஒரு மிக்சர். மிச்சம் பதினோராயிரத்தில் நாலு மைக், ஸ்டாண்டு, வயர் அத்தனையும்.

அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. 1,80,000 ரூபாயில் பாடுறவங்க வாய்க்கு முன்னாடி இருக்கிற சாமானுக்கு நாங்க ஒதுக்கினது 11,000. கடன் கேட்டு வர்ற யாராவது இப்படி ஒரு திட்ட அறிக்கை கொண்டு வந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தக் குழுன்னதும் புத்தி வேலை செய்யலை.

2019ல் நாலு நிகழ்ச்சி. அப்புறம் கொரோனா. ரெண்டு வருஷம் அந்தப் பெட்டிகள் எங்க வீட்டுச் சின்ன ரூமில் துணி காயப்போடத்தான் உபயோகப்பட்டது. எங்களது லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. ஃப்ளாட், அதுவும் மூணாவது மாடி. ஒவ்வொரு பெட்டியும் நாப்பது கிலோவுக்கு மேல. அதை மாடியேத்தின கதையைத் தனிப் பதிவாவே போடலாம்.

2022 செப்டம்பரில் எஸ்.பி.பி. நினைவு நாளை ஒட்டி ஒரு நிகழ்ச்சி வச்சோம். (அவர் மறைஞ்சது 2020 செப்டம்பர் 25. ரெண்டு வருஷமா எங்களால ஒரு அஞ்சலிகூட செலுத்த முடியலைங்கிற ஆதங்கம் எல்லாருக்கும் இருந்தது.) கம்யூனிட்டி ஹால், சுமார் முந்நூறு பேர். எங்க குழுவில் கும்பகோணத்துக்கார அக்கா ஒருத்தர் உண்டு. சின்ன வயசில் ஏழு வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவர். கல்யாணமாகி தில்லிக்கு வந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீடு, பிள்ளைங்க, மாமியார் மருந்து மாத்திரைன்னு ஓடுற ஓட்டத்தில் அவருக்குன்னு இருந்தது எங்க குழு ஒண்ணுதான். பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவார், கையில் ஒரு டிபன் பாக்ஸ் புளியோதரையோட.

அன்னிக்கு அவர் பாடின டூயட் சுருதி விலகிப் போச்சு. கொஞ்சம் இல்லை, நல்லாவே விலகிப் போச்சு. ரெண்டாவது சரணத்தில் தாளமும் தட்டுத் தடுமாறினது. மிக்சர் முன்னாடி இருந்த புத்திசாலி என்ன செஞ்சேன் தெரியுமா? எக்கோவை ஏத்தி விட்டேன். சமாளிக்கிறேனாம்!

யாரோ அதை ஃபோனில் பிடிச்சு, நாப்பது விநாடித் துண்டா வெட்டி, சிரிக்கிற பொம்மை ரெண்டு வச்சு வாட்சப் குழுவில் போட்டுட்டாங்க. அக்காவோட பொண்ணும் அந்தக் குழுவில் இருக்கு. அடுத்த வாரம் அக்கா பயிற்சிக்கு வரலை. கேட்டதுக்கு, "தொண்டை சரியில்லப்பா, வயசாகுது இல்லையா"ன்னார். அதுக்கடுத்த வாரமும் வரலை. அப்புறம் நாங்களும் கேக்கிறதை விட்டுட்டோம். உண்மையைச் சொல்லணும்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன், வயசாயிடுச்சுன்னு.

2023ல் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனோம். மண்டபத்திலேயே வாடகை சவுண்டு ஏற்பாடு. ஹிந்திக்கார இளைஞர் ஒருத்தர். வந்தவுடனே சின்னப் பெட்டி ரெண்டை எடுத்து, பாடுறவங்க காலடியில், அவங்களைப் பார்த்து மேல சாய்ச்சு வச்சார். ஜனங்களைப் பார்க்கிற பெரிய ஸ்பீக்கருக்கு இன்னும் வயரே சொருகலை. "முதல்ல இதுவா?"ன்னு கேட்டேன். அவர் ஹிந்தியில் சொன்னது இதுதான்: "அண்ணே, பாடுறவங்களுக்கே கேக்கலைன்னா, மத்தவங்களுக்கு என்னத்தைக் கேக்க வைக்கிறது?"

எனக்குச் சுருக்னு இருந்தது. 2022 ஹாலை மனசுக்குள்ளே ஓட்டிப் பார்த்தேன். மேடையில் ஒரு மானிட்டர்கூட நாங்க வைக்கலை. ஸ்பீக்கர் ரெண்டும் ஜனங்களைப் பார்த்து முன்னாடி வீசுது. மேடையில் நிக்கிற அக்காவுக்கு வர்றது, பின் சுவரில் பட்டுத் திரும்புற சத்தம்தான். ஹால் நீளம் இருபத்தஞ்சு மீட்டர் இருக்கும். போக வர அம்பது மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுது. அப்படின்னா கீபோர்டும் தபலாவும் ஏழில் ஒரு பங்கு நொடி தாமதமாத்தான் அவர் காதுக்குப் போயிருக்கு, அதுவும் கொழகொழன்னு. தன் குரல் கேக்கவே இல்லை. கேக்கலைன்னா மனுஷன் என்ன செய்வான்? கத்துவான். கத்தினா சுருதி ஏறும். போதாக்குறைக்கு நான் வேற எக்கோவை ஏத்தி, இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவையும் குடிச்சுட்டேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, 2022ல் அதே பாட்டுக்கு நாங்க வச்சிருந்த பயிற்சிப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். சுருதி கம்பி மாதிரி நிக்குது. தப்பு அக்காவோட தொண்டையில் இல்லை. என் பட்ஜெட்டில்.

அதுக்கப்புறம்தான் இதை உட்கார்ந்து படிச்சேன், கேட்டேன், கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் நொய்டா நண்பருக்குச் சொன்னேன். சுருக்கமா என் கட்சி இது: ஒரு குழு சொந்தமா வாங்க வேண்டியது பாடுறவங்க வாய்க்கும், வாசிக்கிறவங்க கைக்கும், அவங்க எல்லாரோட காதுக்கும் வேண்டியது. ஜனங்களுக்கான பெரிய சத்தத்தை அந்தந்த நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம்.

ஏன்னு சொல்றேன்.

முதல்ல வாட் கணக்கு. எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். 500 வாட்டுக்குப் பதிலா 1000 வாட் வாங்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகும்னு நினைக்கிறோம். ஆகாது. வாட்டை ரெட்டிப்பாக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு "ஓ, கொஞ்சம் ஏத்தியிருக்காங்க"ன்னு தோணும், அவ்வளவே. காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு வாட். முதலை ரெட்டிப்பாக்கினா வட்டி மூணே மூணு ரூபாய்தான் கூடும்னா எவனாவது டெபாசிட் போடுவானா?

அந்த வாட்டும் எந்த வாட்? பெட்டி மேல பெரிசா "1000 வாட் பீக்"னு போட்டிருப்பாங்க. தனி ஆம்ப் வச்சு ஓட்டுற பெட்டிகளில் தொடர்ந்து தாங்கக்கூடியது பெரும்பாலும் அதில் கால் பங்கு, 250தான். பி.எம்.பி.ஓ.ன்னு எங்கேயாவது எழுதியிருந்தா திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க. விவரக் குறிப்பில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு டெசிபல் வருதுங்கிற கணக்கு. 94க்கும் 97க்கும் எண்ணில் வித்தியாசம் மூணுதான். ஆனா 97 இருக்கிற பெட்டிக்குப் பாதி வாட் போதும்.

இனி காசில்லாம வர்ற டெசிபல். மைக்கை வாயில் இருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிற பழக்கம் நம்மாட்கள் நிறையப் பேருக்கு உண்டு. ஒரு கூச்சம்தான். அதை அஞ்சு சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தா 12 டெசிபல் கூடும். தூரம் பாதியாகும்போதெல்லாம் ஆறு, ரெண்டு தடவை பாதி. ஸ்பீக்கரில் இதே 12 டெசிபலை வாங்கணும்னா பதினாறு மடங்கு வாட் வேணும். எங்க பயிற்சியில் இப்ப இதுக்குன்னே தனியா பத்து நிமிஷம். ரொம்பக் கிட்டப் போனா குரலில் பேஸ் கூடி மொத்தையா வரும், அதுக்கு மிக்சரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் லோ கட் பொத்தானை அமுக்கினா தீர்ந்தது. இன்னொண்ணு, மைக்கோட வலைத் தலையைக் கையால பொத்திப் பிடிக்கக் கூடாது. ஸ்டைலா இருக்கும், ஆனா மைக் எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிச்சு உய்ய்ய்ங்னு விசிலடிக்கும்.

விசில்னதும் ஞாபகம் வருது. மேடையில் திறந்திருக்கிற மைக் ஒவ்வொரு தடவை ரெட்டிப்பாகும்போதும் விசிலுக்கு முன்னாடி நமக்குக் கிடைக்கிற இடம் 3 டெசிபல் குறையும். ஒரு மைக்குக்குப் பதிலா எட்டு மைக் திறந்து கிடந்தா 9 டெசிபல் போச்சு. பாடாதவங்க மைக்கை மூடி வைங்க. மிக்சர்காரர் இந்த ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சாலே போதும், எஃபெக்ட் பக்கமே போக வேண்டாம்.

சரி, எதை வாங்கலாம்?

மைக். ஷூர் எஸ்.எம்.58 1966ல் வந்த மாடல், இன்னிக்கும் விக்குது. வேற நல்ல கம்பெனி மைக்கும் இருக்கு, நான் யாருக்கும் ஏஜெண்ட் இல்லை. அதே தரத்தில் வாங்குங்க. எட்டு சுமாரான மைக்கை விட நாலு நல்ல மைக் மேல். இந்த மாடலுக்குப் போலிகள் ஏராளம், அதனால அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கிட்ட ஜி.எஸ்.டி. பில்லோட வாங்குங்க. "பில் இல்லாம ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றேன்"னா அந்த ரெண்டாயிரம்தான் உங்க வாரண்டி. இந்த வகை மைக் பின்னால இருந்து வர்ற சத்தத்தை ரொம்பக் குறைச்சுத்தான் எடுக்கும். அதனால மானிட்டரை மைக்கோட முதுகுக்கு நேரா, பாடுறவங்க காலடியில் வைக்கணும். அந்த இளைஞர் வச்சது அப்படித்தான்.

வயர் இல்லா மைக் மேல எல்லாருக்கும் ஆசை. மலிவு ரகத்தில் ரெண்டு செட் ஒரே அலைவரிசையில் மோதிக்கிட்டா, பல்லவி நடுவுல கரகரன்னு போயிடும். அந்தக் காசுக்கு வயர் மைக் ஒரு படி மேலானதா கிடைக்கும். தொகுப்பாளருக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கலாம்.

சின்ன ஸ்பீக்கர் ரெண்டு. பத்து இஞ்ச், ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் ரகம். ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம், வேகன்ஆர் டிக்கியில் ரெண்டும் போகும். பெரிய நிகழ்ச்சியில் இது மானிட்டர். வீட்டு விசேஷத்தில், அறுபது எழுபது பேர் இருக்கிற இடத்தில், இதுவே ஜனங்களுக்கான ஸ்பீக்கர். அப்ப ஸ்டாண்டு மேல தலைக்கு மேல உயரத்தில் வைங்க. தரையில் வச்சா முதல் வரிசைக்குக் காது கிழியும், மூணாவது வரிசைக்குக் கேக்காது.

மிக்சர். எத்தனை எஃபெக்ட்னு கேக்காதீங்க. "ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் எத்தனை?"ன்னு கேளுங்க. மானிட்டருக்குப் போற சத்தம் அது வழியாத்தான் போகணும். அது இருந்தாத்தான் ஜனங்களுக்கு ஏத்தி இறக்கும்போது மேடையில் இருக்கிறவங்க காதில் ஏறி இறங்காது. எங்களோட தொண்ணூத்தொம்பது எஃபெக்ட் மிக்சரில் இருந்தது ஒரே ஆக்ஸ், அதுவும் போஸ்ட்-ஃபேடர். வாங்கி நாலு வருஷம் கழிச்சுத்தான் அது எனக்குத் தெரியும்! கொஞ்சம் காசு இருந்தா பெஹ்ரிங்கர் எக்ஸ்.ஆர்.18 மாதிரி டிஜிட்டல் மிக்சர் இருக்கு. பதினாறு மைக் போடலாம், ஆறு தனித்தனி மானிட்டர் கலவை எடுக்கலாம், அவங்கவங்க ஃபோனிலேயே அவங்கவங்க கலவையை மாத்திக்கலாம். வாங்கினா தனியா ஒரு வைஃபை ரூட்டரும் வச்சுக்குங்க, உள்ளே இருக்கிறதை நம்பி மேடையேறாதீங்க.

டி.ஐ. பாக்ஸ். கீபோர்டு, ரிதம் பேட் பக்கத்தில் வைக்கிற சின்ன டப்பா. கீபோர்டில் இருந்து நேரா நீள வயர் இழுத்தா உம்ம்ம்னு ஒரு சத்தம் கூடவே வரும். இது இருந்தா வராது. பத்து வருஷத்துக்குக் கெடாத சாமான், யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க.

வயர். எந்தக் குழுவிலும் முதல்ல சாகுறது வயர்தான். நல்லதா வாங்கி, தேவைக்கு ரெண்டு கூடுதலா வச்சு, முழங்கையில் சுத்தாம வட்டமா சுருட்டப் பழகுங்க. இந்த ஒரு கலையில் மட்டும் அடியேன் வித்வான்.

அடுத்தது விளையாட்டு இல்லை, கவனமா படிங்க. 2019ல் எங்க கிடார் தம்பிக்கு உதட்டில் ஷாக் அடிச்சது. கிடார் ஆம்ப் ஒரு பக்கச் சுவர் சாக்கெட்டில், மிக்சர் இன்னொரு பக்கத்தில். ஆம்ப் பிளக்கில் எர்த் முனையை யாரோ வெட்டியிருந்தாங்க, உம்ம்ம் சத்தம் போகணும்னு. கசிஞ்ச கரண்ட் கிடார் கம்பி வரைக்கும் வந்து நிக்குது. மைக் வலை மிக்சர் வழியா எர்த்தில் இருக்கு. தம்பி கிடாரைப் பிடிச்சுக்கிட்டே மைக்கில் வாயை வச்சான், சர்க்யூட் முடிஞ்சது. நல்லவேளை, தூக்கிப் போட்டதோட தப்பிச்சான். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவோட கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியா எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப் போனார்.

அதனால மேடைக்கு வேண்டிய கரண்ட் மொத்தத்தையும் ஒரே போர்டில் இருந்து எடுங்க. அந்தப் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு எலெக்ட்ரீஷியனை வச்சுப் போட்டுக்குங்க. போற இடத்தில் எல்லாம் எர்த் இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பார்க்காம எதையும் சொருகாதீங்க. எர்த் முனையை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீங்க. உம்ம்ம் சத்தத்துக்கு டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதைத் தட்டினா போதும். பந்தலில் மூணு ஃபேஸ் லைன் கொடுத்தா வோல்டேஜை மீட்டர் வச்சுப் பாருங்க. நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா 230 வர்ற இடத்தில் 400ஐத் தொடும், சாமான் அத்தனையும் புகையாயிடும். நாலு மைக் குறைச்சு வாங்கினாலும் பரவாயில்லை, இந்த போர்டை விட்டுடாதீங்க.

இப்ப எதிர்க்கட்சி வாதம். "பெரிய ஸ்பீக்கர் சொந்தமா இருந்தா வாடகை மிச்சம்தானே சார்?" 2019ல் இதைச் சொன்னதே நான்தான். வருஷம் ஆறு நிகழ்ச்சி, வாடகை ஒன்பதாயிரம், ஆக 54,000. 1,80,000 ரூபாய் மூணு வருஷம் நாலு மாசத்தில் திரும்பிடும்னு கமிட்டியில் எக்செல் ஷீட்டே காட்டினேன். டெம்போவுக்கு ரெண்டாயிரம், தூக்குற பையனுக்கு ஐந்நூறு, ரெண்டையும் விட்டுட்டேன். அதையும் சேர்த்தா மிச்சம் நிகழ்ச்சிக்கு ஆறாயிரத்து ஐந்நூறுதான், திரும்ப நாலரை வருஷத்துக்கு மேல ஆகும். அதுவும் வருஷா வருஷம் ஆறு நிகழ்ச்சி நடந்தா. 2023ல் வித்தோம். பதினஞ்சு சதவீதத் தேய்மானம் போட்டு எங்க கணக்குப் புத்தகத்தில் இருந்த மதிப்பு கிட்டத்தட்ட 94,000. கைக்கு வந்தது 62,000. தேய்மானம் புத்தகத்தில் ஒரு வேகத்தில் ஓடுது, சந்தையில் வேற வேகத்தில் ஓடுது.

"பசங்க குத்துப் பாட்டு போடுறாங்க, பேஸ் வேணாமா?" கண்டிப்பா வேணும். அன்னிக்கு ரெண்டு சப் வூஃபர் சேர்த்து வாடகைக்கு எடுங்க. வருஷத்தில் நாலு பாட்டுக்காக அதை மூணாவது மாடிக்குத் தூக்க வேண்டாம். மத்தபடி நம்ம ஜனங்க ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து ஹாலில் உட்கார்றது பாட்டு வரி கேக்கத்தான். கூடவே முணுமுணுக்கத்தான். சொல் தெளிவுக்கு வேண்டியது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி. பேஸும் எக்கோவும் சேர்ந்து முதல்ல முழுங்குறது அதைத்தான்.

வாடகைக்காரர் தமிழ் தெரியாதவரா இருப்பார்ங்கிறது இங்கே ஒரு பிரச்சனை. எந்தப் பாட்டில் புல்லாங்குழல் முதல்ல வரும், எதில் கோரஸ் வரும்னு அவருக்குத் தெரியாது. தப்பு அவருது இல்லை. என் பையன் பாட்டு வரிசையை ஹிந்தியில் எழுதி, யார் எந்த மைக், முன்னிசையில் எந்த வாத்தியம்னு ஒரு பக்கத்தில் குறிச்சுக் கொடுத்துடறான். ஒரு டீயோட அந்தத் தாளைக் கையில் கொடுத்தா, அப்புறம் மனுஷன் எப்படி வேலை செய்யறார்னு பாருங்க. ராத்திரி பத்து மணிக்கு முடிச்சுடுங்க. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி பத்துக்கு மேல காலை ஆறு வரைக்கும் வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. போலீஸ் வந்து பாதியில் நிறுத்தினா சவுண்டுக்காரரையும் சேர்த்து அசிங்கப்படுத்தின மாதிரி ஆகும்.

பெட்டி வித்த 62,000, மேல ஒரு அம்பதாயிரம் வசூல். அதில்தான் நாலு மைக், பத்து இஞ்ச் ரெண்டு, ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் உள்ள மிக்சர், டி.ஐ. பாக்ஸ் ரெண்டு, வயர், அந்த போர்டு எல்லாம் வாங்கினோம்.

வாங்கின வாரம் நானும் கிடார் தம்பியும் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், மிக்சரைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். எதுக்கு வந்தோம்னு தெரிஞ்சதும், "அதெல்லாம் விட்டாச்சுப்பா"ன்னார். நான் முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பயிற்சிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஏழில் ஒரு பங்கு நொடிக் கணக்கைச் சொன்னேன். அக்கா எதுவும் பேசலை. பக்கத்தில் இருந்த பொண்ணுதான், "அப்ப அம்மா தப்பில்லையா அங்கிள்?"னு கேட்டுச்சு. அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கூசுது.

ஸ்பீக்கரை அவர் காலடியில் வச்சோம். ரெண்டு வரி பாடினார். நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் ஏத்து"ன்னார். ஏத்தினேன். "போதும், கேக்குது"ன்னு சொல்லிட்டு ஃபோனில் தம்புரா சுருதியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார். நாங்க கிளம்ப ஒன்பது மணி ஆச்சு. 2024 பொங்கலுக்கு ரெண்டு பாட்டு பாடினார். இப்பவும் சவுண்ட் செக்குக்கு அவர் வர்ற வரைக்கும் ஜனங்க பக்க ஸ்பீக்கரை நாங்க போடுறதில்லை.

நொய்டா நண்பருக்கு நான் கடைசியா சொன்னது இதுதான். ரெண்டு லட்சத்தில் ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க, மிச்சத்தை வாடகைக்குன்னு எஃப்.டி.யில் போடுங்க. (வங்கிக்காரன் வேற என்ன சொல்வான்!) கடைக்குப் போகும்போது கமிட்டியில் உரக்கப் பேசுற நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. உங்க குழுவில் ரொம்ப மெதுவான குரல் யாருக்குன்னு பாருங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், மைக்கைக் கையில் கொடுத்து, ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. அவங்க "கேக்குது"ன்னு சொன்னதுக்கு அப்புறம் பர்சை எடுங்க.